முள் நுனி

"இப்ப ஓடுதே. அன்னைக்கு எதுக்குலே நின்னுச்சு?"

தொம்மை மாமா கேட்டார்.

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. புதுக் கயிறு. ஒரே இழுப்பில் பிடித்துவிட்டது.

"குப்பை அடைச்சிருந்துச்சு மாமா."

"என்ன குப்பை?"

"குப்பை. கடல்ல இல்லாத குப்பையா?"

அவர் எஞ்சினை அணைத்தார். கார்புரேட்டரை மறுபடி கழற்ற ஆரம்பித்தார்.

அவர் என்னிடம் வர ஆரம்பித்து அது பதினேழாவது நாள்.

அவர் தம்பி பெர்க்மான் இந்த எஞ்சினோடுதான் தனியாகக் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கிடைத்தது. வலை இருந்தது. சோற்று வாளி இருந்தது. ஆள் இல்லை.

ஸ்டார்ட்டர் கயிறு அறுந்து கிடந்தது. அறுகிற வரைக்கும் இழுத்திருக்கிறார்.

எஞ்சினை என் ரிப்பேர் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, தொம்மை மாமா இரண்டே விஷயம் கேட்டார். இது எதுக்கு நின்னுச்சுன்னு பார்த்துச் சொல்லு. இதை ஒழுங்காக் கழட்டி மாட்ட எனக்குச் சொல்லிக் குடு.

"எனக்குப் பதினெட்டு வயசு மாமா. டவுன்ல பெரிய மெக்கானிக்லாம் இருக்காங்க."

"பெரியவங்க ஆறுதல் சொல்லுவாங்க."

பதினொன்றாம் வகுப்பில், சார் போர்டில் போட்டது தப்பு என்று மூன்று தடவை சொல்லி வெளியே வந்தவன் நான். மறுபடி உள்ளே போகவில்லை. அது கரை முழுக்கத் தெரியும்.

அப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். ஐம்பத்துமூன்று வயது மாணவன்.

"வாத்தியாரே, அடுத்து?"

"அடிக் கிண்ணத்தைக் கழட்டுங்க. தண்ணி தேங்கியிருக்கா பாருங்க."

"இல்ல."

"மிதவையை எடுத்துக் காதுகிட்ட ஆட்டுங்க. உள்ள எண்ணெய் சத்தம் கேட்டா மிதவை ஓட்டை."

"கேக்கல."

"அந்த ஸ்க்ரூவை முழுசா மூடுங்க. இறுக்காதீங்க. மூடிட்டு ஒன்றரைச் சுத்து திருப்பி விடுங்க."

"ஒன்றரை போதுமா?"

"அதுக்கு மேல காதுதான் சொல்லும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் திருப்பணும்."

"எனக்கு எஞ்சின் சத்தம் கேக்கலலே. அவன் கயிறு இழுக்கிற சத்தந்தான் கேக்குது."



ஒன்றை நான் அவரிடம் சொல்லவில்லை.

முதல் நாள், அவர் போன பிறகு, ஜெட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஜெட் என்பது விரல் நுனி அளவு பித்தளை. நடுவில் ஊசித் துளை. அந்தத் துளை வழியாகத்தான் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போகும். துளை அடைத்தால் எஞ்சின் பட்டினி.

துளைக்குள் இரும்பு இருந்தது. தூண்டில் முள்ளின் நுனி.

ஊதி வராத அழுக்கை எங்கள் கரையில் எல்லாரும் முள்ளால்தான் குத்துவார்கள். கைக்கு எட்டுவது அதுதானே. துளைக்குள் நைலான் நரம்பை விடுங்கள், இரும்பை விடாதீர்கள் என்றால் சிரிப்பார்கள். எங்கப்பன் முள்ளாலதாம்ல குத்துனான் என்பார்கள்.

பெர்க்மான் போவதற்கு முந்தின சாயங்காலம் எஞ்சினைக் கழுவிக் கொடுத்தது தொம்மை மாமா.

நுனியை ஒரு தீப்பெட்டியில் போட்டேன். தீப்பெட்டியைப் பலகை மேல் வைத்தேன். மறுநாள் வந்தவரிடம் குப்பை என்றேன்.

பதினேழு நாளும் அந்தத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் அவர் கை இருந்தது.

இப்போது அவர் ஜெட்டை வெளியே எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஊதிட்டேன். ஓரத்துல கறுப்பா ஒண்ணு போக மாட்டேங்குது."

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நரம்பை விடுங்க மாமா. எத்தனை நாள் சொல்றது? இன்னொரு தடவை முள்ளைக் கிள்ளை விட்டுராதீங்க."

அவர் ஜெட்டை இறக்கினார்.

"இன்னொரு தடவையா?"

நான் ஸ்பானரைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"முள்ளால குத்துனேன்னு நான் உங்கிட்ட சொன்னதே இல்லையேலே."

"எல்லாரும் அப்படித்தானே குத்துறாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தூண்டில் முள்ளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நுனி இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"குத்தும்போதே முறிஞ்சுது. தரையில விழுந்திருக்கும்னு நெனச்சேன். குனிஞ்சு தேடிருக்கலாம். பசிச்சுது. சாப்பிடப் போயிட்டேன்."

"அப்புறம் எதுக்குத் தினமும் எங்கிட்ட வந்து கேட்டீங்க?"

"ஊரு, கடல் கொண்டுட்டுப் போச்சுங்குது. பங்குச் சாமியார், ஆண்டவரோட சித்தங்கிறார். பெர்க்மான் பொண்டாட்டி எம் முகத்தைப் பார்த்தே சொல்லுது, அத்தான், நீங்க கழுவுன எஞ்சின் நிக்காதேன்னு."

அவர் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உனக்குப் பொய் வராதுன்னு சொன்னாங்க. அதான் வந்தேன். நீயும் குப்பைன்ன."

நான் தீப்பெட்டியைத் திறந்தேன்.

அவர் நுனியை நகத்தால் எடுத்தார். முள்ளின் முனையில் வைத்தார். இடைவெளி இல்லாமல் பொருந்தியது.



"இப்ப சொல்லு. எதுக்கு நின்னுச்சு?"

"நீங்க முள்ளால குத்துனீங்க மாமா."

தலையாட்டினார். இரண்டையும் தீப்பெட்டியில் போட்டு மூடினார். எழுந்தார்.

"வா."

"எங்க?"

"பெர்க்மான் வீட்டுக்கு. அவகிட்டச் சொல்லணும்."

"நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன்."

"அப்ப நான் எதுக்கு?"

அவர் தீப்பெட்டியை என் சட்டைப் பையில் போட்டார்.

"அவ முகத்தைப் பார்த்ததும் நான் குப்பைன்னு சொல்லிருவேன். அப்ப நீ இல்லைன்னு சொல்லு, வாத்தியாரே."