கழுதைக்குப் பின்னால் நின்றவன்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் இத்ரீஸ் என்றொரு ஓட்டக்காரன். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுபவன். கால்களைக் குறை சொல்ல முடியாது. ஆளைக் கட்டி மேய்க்கத்தான் முடியாது.

வட்டப் பாதையில் உட்புறக் கோட்டை ஒட்டி ஓடினால் தூரம் குறைவு என்று எவனோ அவன் காதில் ஓதிவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கோட்டை விட்டு இம்மி நகர மாட்டான். கடைசிச் சுற்றில் முன்னால் இரண்டு பேர், பக்கத்தில் ஒருத்தன் வந்து அடைத்துக்கொள்வார்கள். இவன் நடுவில் மாட்டிக்கொண்டு, வழி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே ஓடுவான். பந்தயம் முடிந்துவிடும். மற்றவர்கள் மூச்சிரைத்துத் தரையில் கிடப்பார்கள். இவன் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்றுகொண்டிருப்பான்.

"வழியே விடவில்லை, கோச்."

வருஷக்கணக்கில் இதே பாட்டு. கேட்டுக் கேட்டு ஸுபைதாவுக்குக் காது புளித்துவிட்டது. அவளும் ஒரு காலத்தில் இதே தூரம் ஓடியவள்தான். முழங்கால் போனபிறகு பயிற்சியாளர் ஆனாள். இருவருக்கும் ஒரே வயது.

அடுத்த ஞாயிறு தேசிய அணிக்கான தேர்வுப் பந்தயம். முதல் மூன்று பேருக்குத்தான் இடம். முப்பத்துமூன்று வயதில் இத்ரீஸுக்கு இதை விட்டால் இன்னொன்று கிடையாது. அது அவனுக்கும் தெரியும். பயந்துபோய்க் கேட்டான்.

"அன்றைக்கும் அடைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது, கோச்?"

தேநீருக்குப் புதினா வாங்க வேண்டும், வா என்று ஸுபைதா அவனைப் பழைய கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே சந்துகளில் கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டும். வண்டி நுழையாது. சுமையெல்லாம் கழுதை மேல்தான். பாதி வழியில், தோல் மூட்டை ஏற்றிய கழுதை ஒன்று நட்டநடுவில் நின்றுவிட்டது. இத்ரீஸ் அதன் பின்னால் நின்றான். கழுதைக்காரரிடம் நியாயம் பேசினான். பிறகு கழுதையிடமும் பேசினான். திரும்பிப் பார்த்தால் ஸுபைதாவைக் காணோம்.

ஒருவழியாகக் கழுதை மனமிரங்கி நகர்ந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் புதினாவும் வாங்கி, கடைக்காரர் கொடுத்த தேநீரையும் குடித்து முடித்திருந்தாள்.

எப்படி வந்தீர்கள் என்றான். பக்கத்துச் சந்து வழியாக என்றாள்.

"அது சுற்று வழியாயிற்றே, கோச். படிக்கட்டு வேறு. உங்கள் முழங்கால்?"

"வலிக்கிறது" என்று சொல்லிவிட்டு, புதினாக் கட்டை அவன் கையில் திணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசிச் சுற்று. வழக்கம்போல முன்னால் இரண்டு பேர், பக்கத்தில் ஒருத்தன், நடுவில் இத்ரீஸ். போச்சுடா என்று ஸுபைதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போது அவன் வேகத்தைக் குறைத்தான். பக்கத்தில் ஓடியவனை முன்னே போகவிட்டு, வெளிப்பக்கமாக மூன்றாவது தடத்துக்கு வந்தான். வளைவு முழுக்க வெளியே சுற்றி ஓடினான். மூன்றாவதாக வந்து விழுந்தான்.

அணியில் இடம் கிடைத்துவிட்டது. வேறொருவனாக இருந்தால் சந்தோஷத்தில் அழுதிருப்பான். இவன் மல்லாந்து கிடந்து, மூச்சு வாங்க வாங்க அவளிடம் முறையிட்டான்.

"அத்தனை பேரையும்விட நான்தான், கோச், அதிக தூரம் ஓடியிருக்கிறேன்."

"ஓடத்தானேடா வந்தாய்?" என்றாள் ஸுபைதா.