பலகையில் மாறிய பாட்டு

"டீச்சர், இந்தக் கடிகாரம் பொய் சொல்லுது."

ஞானாபரணம் இதைச் சொல்லும்போது பெனிலா டீச்சர் கிறிஸ்தவக் கோயிலுக்குள், ஆராதனையில் பாட வேண்டிய பாட்டின் எண்ணைக் காட்டும் பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள். மாலையில் ஒரு கல்யாணம்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவளுக்கு முப்பது. ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்ற அடிப்படை நிரல் எப்படி ஓடுகிறது என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

"எந்தக் கடிகாரம், அண்ணாச்சி?"

"படகுப் பெட்டில இருக்கிறது."

மீன்பிடி படகுகளில் வைக்க அவர் ஒரு பெட்டி செய்திருந்தார். 'நலமாக இருக்கிறோம்' என்று அது நேரத்தோடு கரைக்குச் செய்தி அனுப்பும். நேரத்தை அதற்குச் சொல்வது உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கடிகாரச் சில்லு. கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

நேற்று மீனவன் சிலுவையின் படகிலிருந்து பதினொரு மணிக்கு வந்த செய்தியில் பத்து மணி என்று இருந்தது. கடைசிச் செய்தி பத்து மணியுடையது, அதன் பிறகு ஒரு மணி நேரமாகப் படகிலிருந்து சத்தமே இல்லை என்று கரையில் நினைத்துவிட்டார்கள். மீட்புப் படகு போனது. சிலுவை அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மட்டும் கடற்கரையில் மயங்கி விழுந்திருந்தாள்.

"திங்கட்கிழமை எல்லாப் பெட்டியையும் கழட்டிருவோம்கிறாங்க, டீச்சர். நான் ஒரு வழி பண்ணிட்டேன். நேரம் பின்னால போற மாதிரி தெரிஞ்சா ஒரு மணி நேரம் கூட்டிக்கன்னு எழுதிட்டேன்."

டீச்சர் பலகைக்குத் திரும்பினாள். பலகையில் 199 இருந்தது. முதல் எண்ணை உருவிவிட்டு 2 செருகினாள்.

"இப்ப என்ன நம்பர்?"

"இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது."

"புத்தகத்துல பாருங்க."

அவர் புரட்டினார். முகம் மாறியது. "டீச்சர், இது அடக்க ஆராதனைப் பாட்டு. செத்தவங்களுக்குப் பாடுறது."

"கல்யாணத்துக்கு அதைப் பாடலாமா?"

"நீங்க இன்னும் மாத்தி முடிக்கலையே!"

டீச்சர் அடுத்த இரண்டு எண்களையும் மாற்றினாள். 200. ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

ஞானாபரணம் பலகையைப் பார்த்தபடியே நின்றார். பாட்டுப் புத்தகம் அவர் கையில் திறந்தே இருந்தது.

"பதினொன்னு அடிக்கிற நேரம்," என்றார் மெதுவாக. "மணியை முதல்ல வாசிச்சேன். அப்ப பத்து. நிமிஷத்தை வாசிக்கிறதுக்குள்ள மணி பதினொன்னாகி, அம்பத்தொன்பது நிமிஷம் பூஜ்யமாயிருச்சு. எனக்குக் கிடைச்சது பத்தும் பூஜ்யமும்."

டீச்சர் பூச்சாடிகளை ஒழுங்குபடுத்தப் போய்விட்டாள்.

"மாத்திக்கிட்டு இருக்கேன்னு அந்தச் சில்லே ஒரு அடையாளம் காட்டும், டீச்சர். படிச்சிருக்கேன். ஒரு நொடியில சின்னத் துண்டுதானே, என்ன ஆயிரும்னு விட்டுட்டேன்."

"அந்த ரோஜாவை இங்க எடுங்க, அண்ணாச்சி."

எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடினார்.

ஒரு மணி நேரம் கூட்டும் வரிகளை முதலில் அழித்தார். சில்லு காட்டும் அடையாளம் மறையும்வரை காத்திரு என்று எழுதினார். வாசி. மறுபடி வாசி. இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் நம்பு.

அன்று நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை துறைமுகத்தில் படகுக்காரர்கள் கூடி நின்றார்கள். ஞானாபரணம் நேராகச் சிலுவையின் மனைவி ஆக்னசிடம் போனார்.

"கடிகாரம் சரியாத்தாம்மா ஓடிச்சு. நான் வாசிச்சதுதான் தப்பு. உன்னைக் கலங்க வச்சுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"இப்ப சரியா வாசிக்குமா?"

"வாசிக்கும்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "பெட்டி இருக்கட்டும். அது இல்லாம நீ போனா நான் தினமும்ல கரையில நிக்கணும்."

சிலுவை தலையைச் சொறிந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சிலுவையின் படகுக்குப் போய், பெட்டியில் புது நிரலை ஏற்றிப் பார்த்தார். சரியாக வாசித்தது. ஆனால் படகு கரையில் நின்ற இந்த நாட்களில் கடிகாரமே ஆறு நிமிடம் பிந்திவிட்டிருந்தது. பழைய பேட்டரி. பேட்டரியை மாற்றியாயிற்று. இனி நேரத்தைத் திருத்தி எழுத வேண்டும்.

மணியை எழுதினார். நிமிடத்தை எழுதினார். நொடியை எழுதுவதற்குள் நிமிடம் தாண்டிவிட்டது. மறுபடி எழுதினார். மறுபடியும் தப்பு.

டீச்சருக்குப் போன் போட்டார்.

"எவ்வளவு வேகமா எழுதினாலும் நடுவுல ஓடிருது, டீச்சர்."

"நிறுத்திட்டு எழுதுங்க."

அதற்கும் சில்லில் ஒரு பிட் உண்டு, சின்ன சுவிட்ச் மாதிரி. அதை ஏற்றினால் கடிகாரம் அப்படியே நிற்கும். எழுதி முடித்து இறக்கினால் மறுபடி ஓடும். அவருக்கு அது தெரியும். கைதான் வரவில்லை. கடிகாரத்தை நிறுத்துவது என்பது அவருக்கு என்னவோ பாவம் மாதிரி இருந்தது.

"நிறுத்தினா அவ்வளவு நேரமும் போயிருமே, டீச்சர்?"

"எந்த நேரம், அண்ணாச்சி? அந்தத் தப்பான நேரமா?"

ஞானாபரணம் படகு குலுங்கச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, என்ன சொன்னாங்க?" என்றான் சிலுவை.

அவர் கடிகாரத்தை நிறுத்தினார்.