சிங்காரத்தைத் தேடும் சல்லடை

"இன்னும் ஒரே ஒரு வடிகட்டி சேத்துடுறேம்மா. கன்னத்துல குழி விழுமான்னு கேக்குறது. அப்புறம் தம்பி தப்பவே முடியாது" என்றான் மாசிலாமணி.

குரு யசோதரை சன்னலைத் திறந்துவிட்டாள். மேகம் உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்துகொண்டது.

அந்த மலைமடத்தில் அப்படித்தான். மேகம் கேட்காமலே வரும். இணையம் கெஞ்சினால்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் சீடர்கள் ரூபி என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருப்பார்கள். அங்கே அதுதான் தியானம்.

மாசிலாமணி குருவைவிட இருபது வயது மூத்தவன். சின்ன வயதில் வெள்ளத்தில் அவன் கையிலிருந்து நழுவிப்போனான் தம்பி சிங்காரம். அவனுக்காகவே இந்த வயதில் ரூபி கற்றான்.

ஆதரவற்றோர் காப்பகங்களில் இருப்பவர்களின் விவரமெல்லாம் மாசிலாமணி கட்டிய வலைத்தளத்துக்கு வந்து சேரும். அதில் சல்லடை போட்டுத் தம்பியைத் தேடுவான். பெயர், ஊர், உயரம், தலைமுடி என்று வடிகட்டிகள் ஏறிக்கொண்டே போயின. எல்லாவற்றிலும் தன் நினைவில் இருந்தபடியே தம்பியை நிரப்பினான். அத்தனையும் பொருந்தினால்தான் திரை ஆளைக் காட்டும்.

ஒருநாளும் காட்டவில்லை. பாவம், அதற்கு அவன் கண்ட மருந்து இன்னொரு வடிகட்டி.

"வேண்டாம்னா ஒண்ணை எடுத்துவிட வழி இருக்கா?" என்று கேட்டாள் குரு.

"எடுக்குறதா? கண்டவங்களும் வந்து நிப்பாங்களேம்மா!"

"சரி. உங்க விவரத்தை அதுல சேருங்க."

சேர்த்தான். மாசிலாமணி. வழுக்கைத் தலை. கூன் விழுந்து குறுகிய உடம்பு. ஊர், இந்த மலை.

"இப்ப உங்க தம்பியா மாறி உங்களைத் தேடுங்க."

மாசிலாமணி கண்ணை மூடினான். மேகம் காதுவரை ஏறியது. அறை மெல்ல மிதந்து ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே அவன் சிங்காரமாக, அண்ணன் தோள்மேல் உட்கார்ந்திருந்தான். கீழே ஆறு சின்னதாகத் தெரிந்தது. பயமே இல்லை. என்ன சுகம்!

விரல்கள் தாமாகத் தட்டின.

பெயர்: மணியண்ணன்.

ஊர்: ஆத்தங்கரை.

உயரம்: ரொம்ப உயரம்.

தலைமுடி: சுருட்டை. பிடிச்சுக்க வசதியா இருக்கும்.

'தேடு' என்பதை அழுத்தினான்.

'பொருத்தமானவர் எவரும் இல்லை' என்றது திரை.

மறுபடி அழுத்தினான்.

'எவரும் இல்லை.'

அத்தனை வயதான மனிதன், குருவின் முன்னால், வெடித்து அழுதான். திரையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான்.

"டேய் சிங்காரம், இங்கதானேடா இருக்கேன்! உன் கண்ணு முன்னாடியே இருக்கேன்டா! அண்ணன்டா!"

யசோதரை அவன் தோளில் கை வைத்தாள்.

"அவரும் அங்கேருந்து இதையேதான் கத்திக்கிட்டு இருக்காரோ என்னமோ" என்றாள்.