மூடி போடாத ராஜ வெந்நீர்

ரொம்ப காலத்துக்கு முன்னால், மலையடிவாரத்தில் குளிர்பாடி என்றொரு நாடு. அதை ஆண்டவர் மகுடராயர். எதிரியைக் கண்டு நடுங்காத வீரர், பச்சைத் தண்ணீரைக் கண்டால் மட்டும் நடுங்குவார். அந்தக் குளிருக்கு எந்த எதிரியும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவர் குளிக்க ஆள் உயரக் கொப்பரையில் வெந்நீர் காயும். கொப்பரைக்கு மூடி கிடையாது. ஆவி மேலே எழும்பி ஊரார் கண்ணில் பட வேண்டும், அதுதான் ராஜ கம்பீரம் என்பது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தைக் கட்டிக் காத்தவர் அரண்மனைக் காரியக்காரர் சதுரங்கர். வேறு எதையும் அவர் காத்ததாகத் தகவல் இல்லை.

ஒரு மார்கழியில் வெந்நீர் வெதுவெதுப்பாக வந்து சேர்ந்தது. மன்னர் முகம் சுளித்தார்.

"விறகு போதவில்லை, மன்னா," என்றார் சதுரங்கர். வீட்டுக்கு ஒரு கட்டு பிடுங்கினார்கள். மறுபடியும் வெதுவெதுப்புதான். "குளத்துத் தெரு வீடுகளின் கூரைக் கட்டைகளைப் பிரித்து எரிக்கலாம். உத்தரவு ஓலை தயார்." மன்னர் யோசிக்கிற சிரமம் இல்லாமல் முத்திரை வைத்தார்.

கொப்பரைக்கு அடுப்பெரிக்கும் பூவாயி வீடு அந்தத் தெருவில்தான். வீட்டில் இருபது நாள் கைக்குழந்தை. அவள் நேரே சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராஜா, ஒரே ஒரு நாள் ஓலையை நிறுத்தி வைங்க. பாதி விறகுல நல்லா சுடுற தண்ணி தரேன். தராட்டி என் கூரையை நானே பிரிச்சுக் கொண்டாந்து போடுறேன்."

"அடுப்பு ஊதுகிறவள் அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிறாள். நாமெல்லாம் எதற்கு?" என்றார் சதுரங்கர். அந்தக் கேள்வி சபையில் பலருக்கு முன்பே இருந்தது.

மன்னர் ஒரு நாள் கொடுத்தார். மறுநாள் வெந்நீர் அவரைச் சிவக்கவே வைத்துவிட்டது. ஆனந்தமாக வெளியே வந்தால் சதுரங்கர் நிற்கிறார்.

"மோசம் போனோம், மன்னா. கொப்பரையை மூடிவிட்டாள். ஆவியே எழவில்லை. மன்னர் குளித்தாரா இல்லையா என்று ஊரே சந்தேகப்படுகிறது."

மன்னருக்கும் அது கவலையாகத்தான் பட்டது.

"காரியக்கார சாமி சொல்றது சரிதாங்க," என்றாள் பூவாயி. "மூடினா கம்பீரம் போயிடும். சாமி சால்வையைக் கழட்டிட்டு முற்றத்துல நிக்கட்டும். நான் பக்கத்துல தீ போடுறேன். குளிருச்சுன்னா இன்னும் ரெண்டு கட்டு போடுறேன்."

மன்னருக்கு வேடிக்கை பிடிக்கும். சதுரங்கர் நின்றார். நான்கு கட்டு எரிந்தது. முன்பக்கம் பொசுங்கியது, முதுகு விறைத்தது, பல் தந்தியடித்தது. கடைசியில் ஓடிப்போய்ச் சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

"அவ்வளவுதான் மகாராஜா. சாமிக்குச் சால்வை மாதிரி கொப்பரைக்கு மூடி போட்டேன். குளிக்கிற இடத்துக்கு வெந்நீர் போற மூங்கில் குழாய்க்கு வைக்கோல் சுத்தினேன். கொப்பரைக்குள்ளே அப்பியிருந்த உப்பைச் சுரண்டினேன். ஈர விறகைக் காயவச்சு எரிச்சேன்."

மன்னர் தொடையைத் தட்டினார். "அருமை! பாதி விறகு மிச்சமா? அப்படியானால் இனி நான் இரண்டு வேளை குளிப்பேன்."

சபை கைதட்டியது. பூவாயி கணக்குப் போட்டாள். மிச்சம் பிடித்ததெல்லாம் மறுபடி அடுப்புக்கே போகும், ஓலையோ இன்னும் சதுரங்கர் கையில்.

"தாராளமா குளிங்க, மகாராஜா," என்றாள் மெதுவாக. "ஆனா எங்க தெருக் கூரையெல்லாம் பனியில ஊறின மூங்கில். புகைதான் வரும், சூடு வராது. சாமி வீட்டு உத்தரம் நல்லா காஞ்ச தேக்கு. ஓலையில தெருப் பேரை மட்டும் மாத்திட்டா ராஜாவுக்கு ஏத்த சூடு கிடைக்கும்."

"நியாயம்தானே? எழுத்தாணி எங்கே?" என்றார் மன்னர்.

சதுரங்கர் முகம் வெளுத்தது. "மன்னா, அதிகம் குளிப்பது உடம்புக்கு ஆகாது. நாளுக்கு ஒரு வேளையே ஜாஸ்தி என்று சாஸ்திரம் சொல்கிறது."

"எந்த சாஸ்திரம்?"

"சாயந்திரத்துக்குள் எழுதித் தந்துவிடுகிறேன், மன்னா."

மன்னர் சிரித்த சிரிப்பில் மகுடம் சரிந்தது. ஓலையை வாங்கி முற்றத்துத் தீயில் போட்டார். வெந்நீர்க் காரியம் முழுவதற்கும் பூவாயியை அதிகாரியாக்கினார். மன்னருக்கு ஒரு வேளைக் குளியலே போதும் என்று தண்டோரா போட்டார்கள். சதுரங்கருக்கும் வேலை போகவில்லை. தினமும் விடியலில் வந்து, பூவாயி சொன்னதும் கொப்பரையை மூடிவிட்டுப் போவார்.