மிராசுதாரின் படர்தாமரை

செம்பியன் மிராசுதார் பெயரைச் சொன்னால் அழுத பிள்ளையும் வாய் மூடும். அவருக்குச் சட்டைக்குள் பொறுக்க முடியாத அரிப்பு. ஊருக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் எஸ்தரைக் கூப்பிட்டனுப்பினார்.

“சட்டையைக் கழட்டமாட்டேன். என்னைத் தொடவும் கூடாது. என்ன நோய்னு சொல்லு. முடியாட்டி, நீ ஊசி போடுற கட்டடம் என்னோடது, காலி பண்ணிடு.”

எஸ்தர் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வேறு இடமில்லை.

அவர் குரலைக் கேட்டதும் கொட்டிலில் ஒரு கன்று கயிற்றை அவர் பக்கமாக இழுத்துக்கொண்டு கத்தியது. அதன் நெற்றியில் வட்டமாக முடி உதிர்ந்து, சாம்பல் பூத்திருந்தது.

“உங்களைத் தொடக்கூடாதுன்னுதானே சொன்னீங்க ஐயா. கன்னுக்குட்டியைத் தொடலாமா?”

நெற்றிச் செதிலைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை நூல் நூலாகத் தெரிந்தது.

மறுநாள் வந்து சொன்னாள்.

“படர்தாமரை ஐயா, கன்னுகிட்டேருந்து ஒட்டியிருக்கு. கன்னு தலை சாய்க்கிற இடத்துல, உங்க கழுத்தோரமா வட்டமா இருக்கும்.”

கதவோரம் நின்ற அவர் மனைவி திலகவதி திகைத்தாள். “நீங்களா கன்னுக்குட்டியைக் கொஞ்சுறீங்க?”

மிராசுதார் தரையைப் பார்த்தார். “தாய் செத்ததுலேருந்து அது தூங்கமாட்டேங்குது.”

பிறகு தானே பொத்தானைக் கழற்றினார். எஸ்தர் சொன்ன இடத்திலேயே இருந்தது. அவள் களிம்பை நீட்டினாள்.

“முதல்ல அதுக்குப் போடும்மா,” என்றார். “மிச்சமிருந்தா எனக்கு.”