பந்தியில் எழாத தலைவர்

வயதானவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு குடியிருப்பு வேண்டுமென்று ஊரே கேட்டது. எழுபத்தைந்து வயது ஊர்த்தலைவர் செங்கோடன், கோயில் பந்தியில் சப்பணமிட்டபடி அப்பளத்தை நொறுக்கினார்.

"கைத்தாங்கல் வேண்டிய ஆள் நம்ம ஊர்ல ஒருத்தரைக் காட்டுங்கப்பா. குடியிருப்பு கட்ட என் தென்னந்தோப்பையே தர்றேன்!"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மாரப்பன் அடுத்த இலைக்கு நகர்ந்தான். பந்திக்குப் பந்தி தலைவரைத் தூக்கிவிடுகிறவன் அவன்தான்.

சாப்பாடு முடிந்தது. தலைவர் எழாமல் யாரும் எழக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். இருநூறு பேர் கையிலும் சோறு காய்ந்தது. தலைவர் இடதுகையை ஊன்றினார், முக்கினார், முனகினார். இடுப்பு அசைந்தால்தானே!

"டேய் மாரப்பா, வந்து தூக்குடா!"

மாரப்பன் வாளியை வைத்துவிட்டுப் பணிவாகக் குனிந்தான். "ஆளு கிடைச்சாச்சுங்க, ஐயா. தோப்பை எப்பங்க அளக்கலாம்?"