சாம்பார் வாளி

மடத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றே வைரவநாதருக்கு நிம்மதி போய்விட்டது.

பெரிய சாமி சமாதியாகும்வரை சொன்னதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடித்தவர் அவர்தான். வேறு யாரிடமும் ஒரு வரி கிடையாது. பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும் கோப்புகளைப் புதியதில் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. அவற்றைத் திறக்கும் மென்பொருளைக் கம்பெனியே கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

பஜாரில் ஒரு கடைக்காரர், அதே மென்பொருளைப் பூட்டை உடைத்த காப்பியாகப் போட்டுத் தருகிறேன், ஊரே அதைத்தான் வைத்திருக்கிறது என்றார். வைரவநாதருக்கு அது நியாயமாகவே பட்டது.

இப்போதைய குரு அருளம்பலத் தம்பிரான் அவரைவிட வயதில் சின்னவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "திருட்டுச் சாவி போட்டுப் பெரிய சாமி வாக்கைத் திறக்க வேண்டாம், ஐயா" என்றார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று செய்தவர்களே பொதுவில் வைத்த மென்பொருள் ஒன்று இருக்கிறது, பழைய கோப்புகளையும் அது திறக்கும், அதைப் போடச் சொன்னார்.

உடைத்த பூட்டில் வராத சந்தேகம் வைரவநாதருக்கு இதில் வந்தது. வேடிக்கையான மனுஷர்.

"முகம் தெரியாதவனுக்கு ஒருத்தன் எதுக்குச் சாமி சும்மா கொடுக்கணும்? ஏதோ வில்லங்கம் இருக்கு."

மதியப் பந்திக்கு மணி அடித்தது. குரு ரசத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வைரவநாதர் சோற்றோடு பின்னால் போனார்.

பந்தியில் ஒரு லாரி டிரைவர். வழியில் போனவர், பசியில் மடத்துப் படியேறி வந்திருந்தார். இரண்டாம் முறை சோறு விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"என் பேரைக்கூடக் கேக்கலையே. எதுக்குச் சாமி போடறீங்க?"

"பசியோட யாராச்சும் வருவாங்கன்னு தெரியும். பேர் எதுக்கு?" என்றார் வைரவநாதர், கொஞ்சம் கடுப்பாகவே. சொன்ன பிறகு அவருக்கே சுருக்கென்றது. குருவைத் திரும்பிப் பார்த்தார். குரு தன் பாட்டுக்கு அடுத்த இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

டிரைவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவினார். யாரும் சொல்லவில்லை, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் பரிமாறப் போய்விட்டார்.

சாயங்காலம் வைரவநாதர் அந்த மென்பொருளைப் போட்டார். கும்பிட்டுவிட்டு முதல் கோப்பைத் தொட்டார். திறந்துகொண்டது. பெரிய சாமியின் பேச்சு, அவர் நிறுத்திய இடத்தில் நின்று, இழுத்த இடத்தில் இழுத்து, வரிவரியாக வந்தது. வைரவநாதருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

அப்புறம், இதைச் செய்தவர்கள் யார் என்று தேடினார். பெயர்கள் வந்தன. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. எந்தெந்த நாட்டுப் பெயர்களோ, பாதி அவர் வாயில் நுழையவில்லை. இவர்களில் ஒருவரும் இந்த மடத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெரிய சாமி யார் என்று தெரியாமலே அவரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார முடியாமல் வைரவநாதர் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பக்கம் வந்த குருவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இத்தனை பேரு, சாமி. இதுல நான் யாரைக் கும்பிடறது?"

குரு குனிந்து அந்தப் பெயர்களைப் பார்த்தார்.

"அந்த டிரைவர் உங்களைக் கும்பிட்டாரா, ஐயா? வாளியைத்தானே தூக்கினார்."